வகுப்புப் பட்டியல் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்டுப் பருவம் தொடங்கி இரண்டு வாரமானால் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் இணையக் கற்றல் தளங்களைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கேட்டவர்களில் பலர் கேன்வஸ் பயன்படுத்துவதால் விடைகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்தன. பிளாக்போர்டு, பிரைட்ஸ்பேஸ், மூடுல் தளங்களில் பொத்தான்களின் பெயர் மாறும். சிக்கல்கள் அவ்வளவாக மாறா.

என் வகுப்பில் 3 மாணவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். தளத்தில் பெயர் இல்லை. நானே சேர்க்கலாம் என்றால் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். மைய அலுவலகத்துக்கு எழுதினால், "நாளை வந்துவிடும்" என்று பதில். ஒரு நிமிட வேலைக்கு ஒரு நாளா?
– பகுதிநேர விரிவுரையாளர், கிளமெண்டி

ஒரு நிமிட வேலைதான். அதன் வினை எட்டாம் வாரத்தில் தெரியும்.

வகுப்புப் பட்டியலின் மூலம் பதிவாளர் அலுவலகத்தின் பதிவேடு. அங்கிருந்து குறித்த நேரங்களில் சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த உரைப் பட்டியல்கள்) கற்றல் தளத்துக்குப் போகின்றன: துறைக் கணக்குகள், பருவங்கள், பாடங்கள், பிரிவுகள், பயனர்கள், சேர்க்கைகள். கடைசியாகச் சொன்ன சேர்க்கைக் கோப்பில் ஒரு மாணவருக்கு ஒரு வரி. எந்தப் பிரிவு, யார், என்ன பங்கு, என்ன நிலை என்பவை அதில் இருக்கும். கையால் சேர்த்த மாணவருக்கு அந்த வரி கிடையாது. அவர் பாடத்தைக் கைவிட்டால் பதிவேட்டில் பெயர் போய்விடும், தளத்தில் போகாது. கோப்பு வழியாக வந்தவரைத்தான் கோப்பு வெளியேற்றும். பருவ முடிவில் மதிப்பெண் பட்டியலும் பதிவேடும் ஒத்துப்போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரிவும் குழம்பும். கையால் சேர்ப்பவர் பெரும்பாலும் பிரிவைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடுவார். வியாழக்கிழமை டுட்டோரியல் மாணவர் செவ்வாய்க்கிழமைப் பிரிவில் போய் உட்கார்ந்துகொள்வார், அந்தப் பிரிவின் கெடு நாள்தான் அவருக்குக் காட்டும். மறுநாள் கோப்பும் அவரைக் கொண்டுவந்தால் ஒரே ஆள் இரு பிரிவுகளில் இருப்பார்.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. மாணவர் "பாடமே தெரியவில்லை" என்றால், முதலில் பாடம் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேன்வஸில் புதிய பாடம் வெளியிடப்படாத நிலையில்தான் பிறக்கிறது. ஆசிரியருக்கு எல்லாம் தெரியும், மாணவருக்கு ஒன்றும் தெரியாது. "பெயர் இல்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகை. பாடம் வெளியாகியும் பெயர் இல்லையென்றால், மாணவரின் பதிவு உறுதியாகிவிட்டதா, காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பதிவாளர் பக்கம் கேளுங்கள். தளத்தின் உதவி மேசையால் அதைத் திருத்த முடியாது.

உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. "நாளை வரும்" என்பது ஐந்தாம் வாரத்துக்குச் சரியான பதில். பாடங்களைச் சேர்ப்பதும் விடுவதுமாக இருக்கும் முதல் 2 வாரங்களில் நாளுக்கு ஒரே முறை கோப்பு அனுப்பும் அலுவலகம் தன் வேலையைப் பாதிதான் செய்கிறது. அந்த நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கோப்பு ஓட வேண்டும். அடுத்த ஓட்டம் எப்போது என்பதையும் உதவிப் பக்கத்தில் போட்டு வைக்க வேண்டும்.

அந்தக் கோப்புகளைப் பதிவேற்றும் பொறுப்பு அடுத்த மாதம் எனக்கு வருகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– நிர்வாக அலுவலர், புவன விஸ்தா

முதலில் எக்செல். சிஎஸ்வி கோப்பை அதில் திறந்து சேமித்தால் "01" என்ற பிரிவு எண் "1" ஆகிவிடும். "3-1" என்ற டுட்டோரியல் குழுவைத் தேதி என்று நினைத்துக்கொண்டு மாற்றிவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம்தரும் யூடிஎஃப்-8 அல்லாத வடிவில் சேமித்தால் தமிழ், சீனப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண உரைத் திருத்தியில் திறங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால், எல்லாப் பத்திகளையும் "உரை" என்று அறிவித்து உள்ளே இழுங்கள், சேமிக்காமல் மூடுங்கள்.

அடுத்தது வரிசை. பாடம் தளத்தில் உருவாகும் முன்பே அதற்கான சேர்க்கை வந்தால் அந்த வரி தள்ளப்படும். கோப்புகளை ஒரே ஜிப்பாக அனுப்பினால் கேன்வஸே வரிசையைப் பார்த்துக்கொள்ளும். தனித்தனியாக அனுப்பினால் வரிசை உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் பிழைக் கோப்பைத் திறந்து பாருங்கள். "முடிந்தது, சில எச்சரிக்கைகளுடன்" என்ற செய்தி நல்ல செய்தி போலத் தோன்றும். அந்தச் சில எச்சரிக்கைகள் 40 மாணவர்களாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. முழுத்தொகுதிப் பதிவேற்றம் என்று ஒரு முறை உண்டு. ஒரு பருவத்தில் ஏற்கெனவே கோப்பு வழியாகச் சேர்ந்தவர்களில் இந்தக் கோப்பில் இல்லாத அனைவரையும் அது நீக்கிவிடும். பாடத்தை விட்டவர்களைக் களையெடுக்க நல்ல கருவி. ஆனால் பதிவேட்டிலிருந்து கோப்பு எடுக்கும் வேலை நடுவில் அறுந்து பாதிக் கோப்பு வந்தால், மீதிப் பாதி மாணவர்கள் காலையில் வகுப்பைக் காணாமல் நிற்பார்கள். முழுக் கோப்பை மீண்டும் அனுப்பினால் அவர்கள் திரும்பி வருவார்கள், ஒப்படைத்த வேலைகளும் மதிப்பெண்களும் கூடவே வரும். குழுத் திட்டப்பணிக்காக ஆசிரியர் பிரித்து வைத்த குழுக்கள் மட்டும் கலைந்துபோயிருக்கும். அதை மீண்டும் கட்டுவது கைவேலை.

ஆகவே மாற்ற வரம்பு என்ற அமைப்பை வெறுமையாக விடாதீர்கள். நீக்கப்படும் எண்ணிக்கை நீங்கள் சொன்ன விழுக்காட்டைத் தாண்டினால் நீக்கும் வேலை நடக்காமல் தானாக நின்றுவிடும். பருவத் தொடக்கத்தில் 10, பிறகு 2 அல்லது 3 என்று வைத்துத் தொடங்குங்கள். சில வாரப் போக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வரம்பு குறுக்கிட்டு நிறுத்தும்போது எரிச்சல்பட்டு அதை 100 ஆக்கிவிட்டு ஓட்டுவது வழக்கமான தவறு.

நிலைகளும் முக்கியம். "டெலீட்டட்" என்றால் மாணவர் பட்டியலிலிருந்தே போய்விடுவார். "இன்ஆக்டிவ்" என்றால் ஆசிரியருக்குப் பெயர் தெரியும், மாணவரால் நுழைய முடியாது. "கம்ப்ளீட்டட்" என்றால் மாணவர் படிக்கலாம், எதையும் ஒப்படைக்க முடியாது. ஒரு வேலையாவது ஒப்படைத்த பின் வெளியேறுபவருக்கு "இன்ஆக்டிவ்" பொருத்தம். நான்காம் வாரத்தில் பாடத்தை விட்டவர் ஏழாம் வாரத்தில் முறையீட்டுக் கடிதத்துடன் வருவதுண்டு.

ஒத்திகை பார்க்கச் சோதனைத் தளம் இருக்கிறது. அதிலுள்ளவை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உண்மைத் தளத்தின் நகலால் அழிக்கப்படும் என்பதை மறவாதீர்கள். வரவிருக்கும் வசதிகளை முன்கூட்டிப் பார்க்கும் பீட்டா தளமோ ஒவ்வொரு சனிக்கிழமையும் அழியும்.

மதிப்பெண் பட்டியலில் என் பெயர் அப்பா பெயரின் எழுத்தில் வரிசைப்படுகிறது. டுட்டரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.
– மூன்றாம் ஆண்டு மாணவி, சுவா சூ காங்

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முழுப்பெயர் மட்டும் கொடுத்தால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று தளம் ஊகித்துக்கொள்ளும். "குமார் எஸ்/ஓ முத்து" என்பவர் "முத்து, குமார் எஸ்/ஓ" ஆகிவிடுவார். அமைப்புப் பக்கத்தில் காட்சிப் பெயரை நீங்களே மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்தால் விவாதப் பக்கங்களில் சரியாகிவிடும். மதிப்பெண் பட்டியலுக்கு உரியது வரிசைப் பெயர். அதை மைய அலுவலகம் பயனர் கோப்பில் திருத்துவதே நல்லது.

மைய அலுவலகத்தார் இதைப் படித்தால்: பயனர் கோப்பில் முழுப்பெயர், வரிசைப் பெயர், காட்சிப் பெயர் மூன்றுக்கும் தனிப் பத்திகள் உள்ளன. எஸ்/ஓ, டி/ஓ, மலாய்ப் பெயர்களின் "பின்ட்டி", "பின்" ஆகியவை வரும் பெயர்களுக்கு முழுப்பெயரையே வரிசைப் பெயராகவும் அனுப்பினால் போதும், ஊகம் நின்றுவிடும். இன்னொன்று: விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோடு வர முடியாது. மாணவர் பெயரைக் கொண்டு கோப்புகளுக்குப் பெயரிடும் நிரல் எதையாவது நீங்கள் எழுதியிருந்தால், எஸ்/ஓ வரும் பெயரை வைத்து முதலில் சோதியுங்கள்.

தமிழ் வினாடிவினாவில் சரியான விடையையே தளம் தவறு என்கிறது. மாணவர் எழுதியதும் என் விடையும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கின்றன. தளம் தமிழுக்கு ஒத்துவராதா?
– தமிழாசிரியர் பயிற்சியில் இருப்பவர், ஈசூன்

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்துடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. ஒப்பிடுவதற்கு முன் நிரல் அவற்றை ஒருமைப்படுத்த வேண்டும். அதைச் செய்யாத நிரல் "கொக்கு", "கொக்கு" அல்ல என்று சொல்லும். பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து மாற்றி ஒட்டிய வினாக்களில் இது அடிக்கடி வரும். உங்கள் விடைகளை ஒட்டாமல், தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையில் புதிதாகத் தட்டச்சு செய்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒருமைப்படுத்தினாலும் தீராதது ஔகாரம். பலர் "ஔவையார்" என்பதை ஒகரமும் ளகரமுமாக "ஒளவையார்" என்று தட்டுகிறார்கள். "கௌரவம்" என்பதிலும் அப்படியே, கொம்புக்குப் பின் ளகரம். இவை யூனிகோடு கணக்கில் உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகள். துணைக்காலுக்குப் பதில் ரகரம் தட்டுவதும் உண்டு. சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. "ஸ்ரீ"க்கும் இரண்டு வடிவங்கள் உள்ளன.

கேன்வஸின் புதிய வினாடிவினாவில் நிரப்பு வினாக்களுக்கு ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கில ஆசிரியர்கள் விரும்பிப் போடும் "குளோஸ் இனஃப்" முறையைத் தமிழ் எழுத்துப்பிழைத் தேர்வில் போட்டுவிடாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் பரவாயில்லை என்று அது ஏற்றுக்கொள்ளும். அதன் கணக்கில் "பழம்", "பலம்" இரண்டுக்கும் இடையே ஒரே எழுத்துதான் வேறுபாடு. புள்ளியும் தனிக் குறி என்பதால் ஒரு புள்ளி விடுபட்டாலும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். நீங்கள் சோதிக்க நினைத்தது எதுவோ அதையே மன்னித்துவிடும் முறை இது. சரியான விடைகளைப் பட்டியலிடும் முறையை வைத்து, ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் விடைகளாகப் பதியுங்கள். முறைக்கோவை (பல எழுத்து வடிவங்களை ஒரே சூத்திரத்தில் குறிக்கும் ரெகெக்ஸ்) எழுதத் தெரிந்தால் "ஔ" அல்லது "ஒள" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பிறகு தவறு என்று வந்த விடைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 30 பேர் வகுப்பில் பெரிய வேலையில்லை.

மையத்தில் இருப்பவர்களுக்கு இது தானாகத் தெரியவராது. தவறான விடையின் திரைப்பிடியை அனுப்பினால் பயன் இல்லை, படத்தில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்! உரையை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.

எங்கள் துறை தனக்கென ஒரு மூடுல் தளம் வைத்திருந்தது. இப்போது எல்லோரும் மையத் தளத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள். நாங்கள் இழப்பது என்ன?
– விரிவுரையாளர், கென்ட் ரிட்ஜ்

மூடுலின் செருகுநிரல்களை இழப்பீர்கள். நினைத்த அன்று நினைத்ததை மாற்றும் உரிமையை இழப்பீர்கள். அதை மறைப்பதில் பொருளில்லை. மறுபக்கம், அந்தத் தளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களையும் காப்புப்படியையும் பார்த்துக்கொண்டவர் துறையில் ஒருவர்தான் என்றால், அவர் வேலை மாறிய மறுநாள் அதற்கு ஆள் இல்லை. மாணவரோ மூன்று துறைகளில் பாடம் எடுக்கிறார், மூன்று தளங்களில் கெடு நாள் தேடுகிறார்.

மையத் தளமும் நிரந்தரமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1998இல் தானே உருவாக்கிய ஐவிஎல்இயைத் தொடங்கியது, பிறகு லூமிநஸ் வந்தது, 2022 ஆகஸ்டில் கேன்வஸ். ஆகவே உங்கள் வினா வங்கியை எந்தத் தளத்துக்குள்ளும் பூட்டி வைக்காதீர்கள். தளத்துக்குத் தளம் வினாக்களைக் கொண்டுபோக உதவும் கியூடிஐ வடிவில் ஏற்றுமதி செய்து துறைச் சேமிப்பகத்தில் ஆண்டுக்கு ஒரு பிரதி வையுங்கள்.

இணையும்போது துறை கேட்டுப் பெற வேண்டியது ஒரு துணைக் கணக்கு, அதற்குத் துறையிலிருந்து இரண்டு நிர்வாகிகள். பாட வார்ப்புரு, துறைக்கான வெளிக்கருவிகள், துறைப் பாடங்களின் அறிக்கைகள் உங்கள் கையில் இருக்கட்டும். யார் யார் வகுப்பில், எப்படி உள்நுழைவது, பருவம் எப்போது தொடங்கி முடிகிறது ஆகிய மூன்றும் மையத்திடம் இருக்கட்டும். பக்கத்தின் நிறத்தையும் தலைப்புப் படத்தையும் மையம் கட்டாயப்படுத்த வந்தால் சண்டை போடலாம். அதில் எங்கள் ஆதரவு உங்களுக்கு.

ஒரு வெளி வினாடிவினாச் செயலியை என் பாடத்தில் இணைக்கக் கேட்டேன். ஐந்து பக்கப் படிவம் அனுப்பிவிட்டார்கள். இலவசச் செயலிக்கு ஏன் இவ்வளவு?
– டுட்டர், செங்காங்

காசு இலவசம், தகவல் இலவசமில்லை. வெளிக்கருவிகளைக் கற்றல் தளத்தோடு இணைக்கும் தரமான எல்டிஐ வழியே ஒரு கருவியை இணைத்தால், அதன் அமைப்பைப் பொறுத்து மாணவரின் பெயர், மின்னஞ்சல், வகுப்புப் பட்டியல் வரை அங்கே போகலாம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்தத் தகவலுக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது; வெளிநாட்டுச் சேவையகத்துக்கு அனுப்புவதற்கும் அதில் நிபந்தனை உண்டு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. ஓர் அடிப்படைப் பாடத்தில் 500 மாணவர் என்பது சாதாரணம்.

படிவம் விரைவாக நகர மூன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். கருவி எல்டிஐ 1.3 தரத்தில் உள்ளதா? பழைய 1.1 என்றால் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல் ஒன்றை நம்பியே ஓடுகிறது, மறுப்பு வர வாய்ப்பு அதிகம். பெயர் இல்லாமல், அடையாளம் மறைத்த எண்ணை மட்டும் கொண்டு கருவி வேலை செய்யுமா? செய்யும் என்றால் பாதிக் கேள்விகள் காலி. மதிப்பெண் திரும்பத் தளத்துக்கு வர வேண்டுமா, அல்லது வகுப்பில் விளையாட்டாகப் போடுவதா? விளையாட்டு என்றால் இணைப்பே வேண்டாம், சுட்டியைப் பகிர்ந்து புனைபெயரில் விளையாடச் சொல்லுங்கள். எந்தக் கருவிக்கும் என்ஆர்ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்கவோ கொடுக்கவோ வேண்டாம்.

மதிப்பெண் போடப் போட மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பாதி வகுப்பு மின்னஞ்சல் அனுப்புகிறது.
– டுட்டர், தெம்பனிஸ்

மதிப்பெண் ஏட்டின் அமைப்பில் வெளியீட்டு முறையைத் "தானாக" என்பதிலிருந்து "கையால்" என்று மாற்றுங்கள், முதல் தாளைத் திருத்துவதற்கு முன்பே. பிறகு மாற்றினால் ஏற்கெனவே வெளியானவை வெளியானவைதான். அவற்றைத் தனியே மறைக்க வேண்டும். கையால் வெளியிடும்வரை நீங்கள் எழுதிய குறிப்புகளும் மாணவருக்குத் தெரியா. "குறிப்பு எழுதினேனே, படிக்கவில்லையா" என்று கோபப்படும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தை அழித்துவிட்டேன். போனது போனதுதானா?
– விரிவுரையாளர், பிடோக்

பாடத்தின் முகப்பு முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் "அன்டிலீட்" என்ற சொல்லைச் சேர்த்து நுழையுங்கள். அழித்தவற்றின் பட்டியல் வரும், மீட்கும் பொத்தானும் இருக்கும். கேன்வஸுக்கு மட்டும் உரியது இது.

தேர்வன்று காலையில் யாராலும் உள்நுழைய முடியவில்லை. தளமோ நன்றாகவே ஓடுகிறதாம். அது எப்படி?
– உதவி மேசைப் பணியாளர், புக்கிட் பாத்தோக்

தளம் வேறு, வாசல் வேறு. ஒரே கணக்கால் எல்லாத் தளங்களுக்கும் நுழையும் "ஒருமுறை உள்நுழைவு" முறையில் பல்கலைக்கழகத்தின் அடையாளச் சேவை "இவர் இன்னார்" என்று கையெழுத்திட்டுத் தளத்துக்குச் சொல்கிறது. அந்தக் கையெழுத்துக்கான சான்றிதழுக்குக் காலாவதி நாள் உண்டு. அது கடந்தாலும், ஒரு பக்கம் புதுப்பித்து மறுபக்கம் புதுப்பிக்காவிட்டாலும் ஒரே நொடியில் எல்லோரும் வெளியே. சேவையகக் கடிகாரங்கள் சில நிமிடம் விலகினாலும் இதே கதை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் முதல் புகாரை யாரும் நம்புவதில்லை.

காலாவதி நாளுக்கு 60 நாள், 30 நாள், 7 நாள் முன்பு நினைவூட்டலை ஒரு குழு மின்னஞ்சலுக்குப் போடுங்கள். ஒருவர் பெயருக்குப் போட்டால் அவர் விடுப்பில் இருப்பார். தேர்வு வாரத்தில் புதுப்பிக்காதீர்கள். செப்டம்பர் இடைவேளை வாரம் அதற்கென்றே வாய்த்தது. ஒருமுறை உள்நுழைவைத் தவிர்த்து நேராக நுழையும் நிர்வாகிக் கணக்குகள் இரண்டு, ஈரடுக்குச் சரிபார்ப்புடன், எப்போதும் உயிரோடு இருக்கட்டும். வாசல் பூட்டிக்கொண்டால் பூட்டைச் சரிசெய்ய உள்ளே ஒருவர் போயாக வேண்டும்.

தேர்வுக்கு இன்னொரு ஏற்பாடு: 400 பேரும் சரியாக 9.00 மணிக்குத் தொடங்க வேண்டியதில்லை. முன்கூட்டியே உள்நுழைந்திருக்கச் சொல்லுங்கள். வினாத்தாளின் பிடிஎஃப் ஒன்று, கடவுச்சொல்லுடன், வேறொரு வழியில் அனுப்பத் தயாராக இருக்கட்டும்.

என் மகன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது ஆசிரியர் எங்களுக்குத் தகவல் தருவார். கேன்வஸில் பெற்றோருக்கும் கணக்கு உண்டு என்று கேள்விப்பட்டேன். எப்படிப் பெறுவது?
– பெற்றோர், உட்லண்ட்ஸ்

பார்வையாளர் என்ற பங்கு கேன்வஸில் இருப்பது உண்மை. மாணவர் ஓர் இணைப்புக் குறியீட்டை உருவாக்கித் தர, பெற்றோர் அதைக் கொண்டு பதிந்துகொள்வார். பள்ளிகளுக்காக அமைந்த வசதி அது. குறியீடு உருவாக்கும் அனுமதியை மைய நிர்வாகம் மாணவர்களுக்குத் தராவிட்டால் அந்தப் பொத்தானே திரையில் இருக்காது. மகனின் அமைப்புப் பக்கத்தில் அது இல்லையென்றால், உதவி மேசைக்கு எழுதுவதில் பயனில்லை; அவர்கள் உங்களுக்குக் கணக்கு திறந்து தரமாட்டார்கள். மதிப்பெண்ணை மகனிடமே கேளுங்கள். முதல் பருவத்தில் ஒப்படைப்பு மதிப்பெண்கள் ஆறாம், ஏழாம் வாரத்தில்தான் வரத் தொடங்கும். அதற்கு முன்பு அவரிடமும் சொல்ல ஒன்றும் இருக்காது.